நீரும் மின்சாரமும்: தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர், 1942–46



அணைகளையும் மின்சாரத்தையும் பற்றிப் பேசலாமா என்று நான் கேட்டபோது அமைப்பாளர்கள் சற்று யோசித்துவிட்டுத்தான் சரி என்றார்கள். இலக்கிய அமைப்பின் மேடையில் கன அடிக் கணக்கு எதற்கு என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் இந்த மேடையில் ஆண்டுதோறும் நினைக்கப்படும் மனிதர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் குடிதண்ணீருக்காகச் சண்டை போட்டவர்கள்தான். அந்த உரிமையில் இந்தத் தலைப்பை எடுத்துக்கொள்கிறேன்.

அம்பேத்கர் சிலையை நாம் எல்லோரும் அறிவோம். நீலக் கோட்டு, ஒரு கையில் அரசமைப்புச் சட்டப் புத்தகம், நீட்டிய இன்னொரு கையின் சுட்டுவிரல். அந்தப் புத்தகத்துக்கு முன்னால் அவர் நான்கு ஆண்டுகள் ஒரு பெரிய அரசுத் துறையை நடத்தினார் என்பது சிலையில் தெரியாது. 1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகச் சேர்ந்து 1946 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பெயர்தான் தொழிலாளர் துறை. பாசனம், மின்சாரம், சுரங்கம், பொதுப்பணி, தொழில்நுட்பப் பயிற்சி எல்லாம் அதற்குள் இருந்தன. பெரிய அணைகள் என்றால் நேரு என்று பள்ளிப் பாடம் சொல்லித்தருகிறது. அதற்கு எதிர்வினையாக நம் மேடைகளில் சிலர், இந்தியாவின் எல்லா அணைகளையும் அம்பேத்கரே கட்டினார் என்று பேசிவிடுகிறார்கள். அந்த மிகை நமக்குத் தேவையில்லை. மகாராஷ்டிர அரசு 1991இல் வெளியிட்ட அவருடைய எழுத்தும் பேச்சும் பத்தாம் தொகுதி முழுக்க முழுக்க இந்த நான்கு ஆண்டுகளைப் பற்றியது. சுகதேவ் தோரட் இந்தக் காலத்து நீர், மின் கொள்கைகளைத் தனியாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மத்திய நீர் ஆணையமே 1993இல் அந்த ஆய்வை வெளியிட்டது. கோப்பில் இருப்பதைச் சொன்னாலே போதும்.

ஆனால் கோப்புக்குப் போவதற்கு முன் பம்பாய்ப் பஞ்சாலைக்குப் போக வேண்டும்.

இயந்திரம் வந்தால் சாதி போய்விடும் என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். பம்பாய் ஆலைகள் நீராவியிலும் பிறகு மின்சாரத்திலும் ஓடின. தறிகள் இங்கிலாந்தில் இருந்து வந்தவை. அந்த ஆலைகளின் நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாத தொழிலாளிக்கு இடமில்லை. காரணம் மிகச் சின்னது. நாடாவில் தார் தீர்ந்துபோனால் புதிய தாரைப் போட்டு, ஊடை நூலின் நுனியை நாடாவின் துளை வழியாக வெளியே எடுக்க வேண்டும். அதை வாயை வைத்து உறிஞ்சித்தான் எடுப்பார்கள். ஒரு மகர் உறிஞ்சிய நாடாவில் இன்னொருவர் வாய் வைக்க மாட்டார். ஆகவே கூலி கூடுதலாகக் கிடைத்த நெசவுப் பிரிவு சாதி இந்துக்களுக்கு, கூலி குறைந்த நூற்புப் பிரிவு தீண்டப்படாதவர்களுக்கு என்று ஆயிற்று. 1928ஆம் ஆண்டின் பெரும் ஆலை வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்களிடம் கேள்வியாக வைத்தார். ஆலை முதலாளியிடம் நீங்கள் கொடுக்கும் கோரிக்கைப் பட்டியலில் இது ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

பத்து ஆண்டுகள் கழித்து, 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் அவர் பேசியதும் இதைத்தான். ரயில்வேயில் நம்மவர்கள் ஆயுள் முழுவதும் கேங்மேன். போர்ட்டராகக்கூடப் போக முடியாது. ஏனென்றால் ஸ்டேஷன் மாஸ்டர் போர்ட்டரைத் தன் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார், வீட்டுக்குள் தீண்டப்படாதவர் வரக் கூடாது. ரயில் இஞ்சினுக்குச் சாதி தெரியாது. ஸ்டேஷன் மாஸ்டரின் சமையலறைக்குத் தெரியும்.

இவ்வளவையும் பார்த்த ஒருவர் இயந்திரத்தை வெறுத்து ஒதுங்கியிருந்தால் நாம் புரிந்துகொள்ள முடியும். அம்பேத்கர் அப்படிச் செய்யவில்லை. 1918இல், இருபத்தேழு வயதில், இந்தியாவின் சிறு நிலவுடைமைகள் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. நிலத் துண்டுகள் சிறியதாக இருப்பதுதான் விவசாயத்தின் நோய், அவற்றை ஒன்றுசேர்த்தால் தீர்ந்துவிடும் என்பது அன்றைய நிபுணர்களின் கருத்து. அவர் அதை மறுத்தார். ஒரு நிலம் பெரியதா சிறியதா என்பது அதில் போடும் முதலையும் கருவியையும் உழைப்பையும் பொறுத்தது. இங்கே கருவி இல்லை, முதல் இல்லை, ஆள் மட்டும் மிதமிஞ்சி நிலத்தில் குவிந்திருக்கிறார்கள். அந்த ஆட்களுக்கு நிலத்துக்கு வெளியே வேலை உண்டாக்காமல் விவசாயம் தேறாது. அதற்கு வழி தொழில்மயமாக்கம். நிலமற்ற கூலிகளின் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கிராமத்தில் நிலமும் கிணறும் இல்லாமல், சாதி ஒதுக்கிய வேலை மட்டும் இருக்கும் ஒருவர் வெளியே போவதற்குத் தொழிற்சாலையும் நகரமும் தேவை.

1945இல் வந்த ‘காங்கிரஸும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன’ நூலில் இந்த வாதத்தை அவர் இன்னும் ஆழமாகக் கொண்டுபோகிறார். இயந்திரமும் நவீன நாகரிகமும் தீங்கு விளைவித்திருக்கின்றன என்பதை அவர் மறுக்கவில்லை. அந்தத் தீங்கு இயந்திரத்தால் வந்ததா, இயந்திரத்தின் பலனைச் சிலரே எடுத்துக்கொள்ளும் சமூக அமைப்பால் வந்ததா என்று கேட்கிறார். பிறகு ஓய்வைப் பற்றிப் பேசுகிறார். மாட்டுக்கும் மனிதனுக்கும் வேறுபாடு பண்பாடு. பண்பாட்டுக்கு ஓய்வுநேரம் வேண்டும். உடலுழைப்பு முழுவதையும் மனிதனே செய்ய வேண்டியிருந்தால் ஓய்வு யாருக்குக் கிடைக்கும்? மேல்சாதிக்குக் கிடைக்கும், கீழே இருப்பவன் பொழுது விடிந்ததில் இருந்து அடையும்வரை உழைத்துக்கொண்டிருப்பான். எளிய வாழ்க்கையின் அழகைப் பற்றி அன்றைய தலைவர்கள் எழுதியதை எல்லாம் படித்துவிட்டு இந்தப் பக்கங்களைப் படித்தால் யார் எந்த இடத்தில் இருந்து பேசினார்கள் என்பது விளங்கும். இலக்கிய அமைப்பில் இருக்கும் நமக்கு இந்த வாதம் இன்னும் நெருக்கமானது. களையெடுத்துவிட்டு வந்து விளக்கில்லாத வீட்டில் எழுத்தாளர் உருவாவது எவ்வளவு அரிது என்று நமக்குத் தெரியும்.

இந்தச் சிந்தனையோடுதான் அவர் 1942இல் பதவிக்கு வருகிறார். போர்க்காலம். ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டம் தொடங்கவிருந்த நேரம். அந்த நேரத்தில் வைசிராய் குழுவில் சேர்ந்ததற்காக அவர் மீது வைக்கப்பட்ட பழிகள் இன்றுவரை ஓயவில்லை. அதைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். இங்கே, அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அவருக்கு அதிகாரமே இல்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி நீர் மாகாணங்களின் கையில் இருந்தது. மின்சாரம் பொதுப் பட்டியலில். ஓர் ஆறு எத்தனை மாகாணங்களில் ஓடுகிறதோ அத்தனை துண்டுகளாகச் சட்டத்தின் முன் அது வெட்டப்பட்டிருந்தது. மாகாண நிதி அமைப்பின் வரலாற்றை எழுதி முனைவர் பட்டம் பெற்றவர் அம்பேத்கர். மத்திய அரசு எங்கே நுழையலாம், எங்கே நுழைய முடியாது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் குழுவில் இருந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

1943 ஜூலையில் தாமோதர் ஆறு உடைத்துக்கொண்டது. சோட்டா நாக்பூர் மலைகளில் பிறந்து வங்காளத்தில் ஹூக்ளியோடு சேரும் ஆறு அது. ‘வங்காளத்தின் துயரம்’ என்றே அதற்குப் பெயர். பர்தமான் மாவட்டத்தில் இடது கரை உடைந்து கிராமங்கள் மூழ்கின. ரயில் பாதையும் கிராண்ட் டிரங்க் சாலையும் அறுபட்டன. கல்கத்தா வாரக்கணக்கில் வடநாட்டுடன் ரயில் தொடர்பு இழந்தது. அதே ஆண்டு வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு அசையாத அரசாங்கம் போர்த் தளவாடம் போகும் ரயில் பாதை அறுந்ததும் அசைந்தது. பர்தமான் மகாராஜா தலைமையில் விசாரணைக் குழு ஒன்று போடப்பட்டது.

அந்தக் குழுவில் இருந்தவர் இயற்பியலாளர் மேக்நாத் சாகா. டாக்காவுக்கு அருகே சியோராதலி கிராமத்தில், சாதி அடுக்கில் தாழ்வாகக் கருதப்பட்ட ஒரு சிறு கடைக்காரரின் மகன். கல்கத்தாவில் ஈடன் இந்து மாணவர் விடுதியில் மேல்சாதி மாணவர்களோடு சேர்ந்து சாப்பிட விடப்படாதவர். நட்சத்திரங்களின் நிறமாலையைப் படிக்க உலகம் இன்றும் பயன்படுத்தும் சமன்பாடு அவர் பெயரில் இருக்கிறது. 1913ஆம் ஆண்டுத் தாமோதர் வெள்ளத்தின்போது மாணவத் தொண்டராக நிவாரண வேலைக்குப் போனவர் அவர். தான் தொடங்கிய ‘சயின்ஸ் அண்ட் கல்ச்சர்’ இதழில் ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டங்களுக்காக விடாமல் எழுதினார். அமெரிக்காவில் 1933இல் அமைக்கப்பட்ட டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தைப் போல ஒன்று தாமோதருக்கு வேண்டும் என்பது அவருடைய வாதம். விசாரணைக் குழு 1944இல் அதையே பரிந்துரைத்தது. கல்கத்தாவில் சாப்பாட்டுப் பந்தியிலும் சதாராவில் பள்ளிக்கூடத் தண்ணீர்க் குழாயிலும் தள்ளிவைக்கப்பட்ட இருவர், ஒரே ஆற்றின் மீது இரு பக்கங்களில் இருந்து வேலை செய்தார்கள். நம் விழா மேடைகளில் சாகாவின் படமும் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பரிந்துரையைத் திட்டமாக்குவது தொழிலாளர் துறையின் வேலையாயிற்று. டென்னசி ஆணையத்தின் மூத்த பொறியாளர் வோர்டுவின் வரவழைக்கப்பட்டார். 1945 ஜனவரி 3ஆம் தேதி கல்கத்தாவில் வங்காள, பீகார் அரசுப் பிரதிநிதிகளை உட்காரவைத்து அம்பேத்கர் தலைமையில் மாநாடு நடந்தது. சிக்கல் என்னவென்று பாருங்கள். வெள்ளம் வங்காளத்தில். அணை கட்ட வேண்டிய இடம் பீகாரில். நீரில் மூழ்கப்போவது பீகாரின் நிலம். வெள்ளத்தை மட்டும் தடுப்பது என்றால் பீகார் ஏன் சம்மதிக்க வேண்டும்? வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம், படகுப் போக்குவரத்து எல்லாம் சேர்ந்த பல்நோக்குத் திட்டமாக இருக்க வேண்டும் என்று அம்பேத்கர் வலியுறுத்தியதற்கு ஒரு காரணம் பொறியியல். இன்னொரு காரணம் இந்த அரசியல். பலன் எல்லோருக்கும் போனால்தான் ஆற்றை ஒரே ஆறாக நடத்த முடியும். 1945 ஆகஸ்டில் வோர்டுவினின் திட்ட அறிக்கை தயாராயிற்று. எட்டு அணைகளும் ஒரு தடுப்பணையும் அதில் இருந்தன. 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகச் சட்டம் வந்தது.

அந்த டென்னசி ஆணையத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அது தன் தொழிலாளர்களுக்காக நாரிஸ் என்ற அழகான முன்மாதிரி ஊரைக் கட்டியது. நல்ல வீடுகள், எல்லா வீட்டிலும் மின்சாரம். கறுப்பினத்தவருக்கு மட்டும் அங்கே வீடு கிடையாது. முப்பதுகளிலேயே கறுப்பின உரிமை அமைப்பு இதை விசாரித்து அம்பலப்படுத்தியது. இந்தியாவுக்கு முன்மாதிரியாக வந்த திட்டத்துக்குள்ளும் ஒரு சேரி இருந்தது.

ஒரிசாவுக்கு வருவோம். 1945 நவம்பர் 8ஆம் தேதி கட்டாக்கில் அவர் ஆற்றிய உரை இந்தக் காலத்தின் மிக முக்கியமான ஆவணம் என்பது என் கருத்து. ஒரிசாவின் ஆறுகள் வெள்ளத்தில் அழித்தன, கோடையில் காய்ந்தன. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் குழுமேல் குழு போட்டுப் பார்த்தாயிற்று. எல்லாக் குழுக்களும் கரையை எப்படி உயர்த்துவது, வெள்ளத்தை எப்படிச் சீக்கிரம் கடலுக்கு அனுப்புவது என்றே யோசித்தன. தண்ணீர் கூடுதலாக வருவது கேடு என்ற எண்ணமே அடிப்படையில் தவறு என்று அம்பேத்கர் அந்த நிபுணர்கள் முன்னிலையில் சொன்னார். மனிதர்கள் தண்ணீர் மிகுதியால் படும் துன்பத்தைவிடப் பற்றாக்குறையால் படும் துன்பமே அதிகம். தண்ணீர் மக்களின் செல்வம். இயற்கை அதை ஒரே சீராகக் கொடுப்பதில்லை. ஆகவே குறை சொல்வதை விட்டுவிட்டுச் சேமிக்க வழி பார்க்க வேண்டும். ஆற்றைப் பல இடங்களில் மறித்துத் தேக்கினால் அதே தண்ணீர் பாசனமாகும், மின்சாரமாகும், படகு போகும் வழியாகும். கனிமமும் காடும் நீரும் நிறைந்த ஒரிசா ஏன் இவ்வளவு ஏழையாக இருக்கிறது என்ற கேள்வியையும் அங்கே எழுப்பினார்.

வெள்ளத்தைத் துரத்த வேண்டிய பகையாகப் பார்த்தவர்கள் ஆற்றங்கரையில் நிலம் வைத்திருந்தவர்களும் அவர்களிடம் வரி வாங்கிய அரசாங்கமும். தண்ணீரைச் செல்வமாகப் பார்த்தவர், 1927 மார்ச் 20 அன்று மகாட் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை நீரை அள்ளிக் குடித்ததற்காகத் தன் மக்கள் அடிவாங்கியதைப் பார்த்தவர். இந்த இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று ஆவணம் காட்டி என்னால் நிறுவ முடியாது. ஆனால் கட்டாக் உரையைப் படிக்கும்போது எனக்கு மகாட் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

மகாநதியின் குறுக்கே ஹிராகுட் அணைக்கு 1946 மார்ச் 15 அன்று ஒரிசா கவர்னர் ஹாதார்ன் லூயிஸ் அடிக்கல் நாட்டினார். 1948இல் நேரு கான்கிரீட் பணியைத் தொடங்கிவைத்தார், 1957 ஜனவரி 13 அன்று அணையைத் திறந்தும் வைத்தார். அம்பேத்கர் இறந்து அப்போது ஐந்து வாரங்கள்தான் ஆகியிருந்தன.

இந்தத் திட்டங்களுக்குத் தேவையான நிபுணர்களை மாகாணங்களால் தனித்தனியே வைத்துக்கொள்ள முடியாது. அதற்காக இரண்டு மத்திய அமைப்புகள் உருவாயின. 1944 நவம்பரில் மத்தியத் தொழில்நுட்ப மின் வாரியம். 1945 ஏப்ரலில் மத்திய நீர்வழி, பாசன, படகுப் போக்குவரத்து ஆணையம். தலைவர் பொறியாளர் ஏ.என். கோஸ்லா. பின்னது இன்றைய மத்திய நீர் ஆணையம். காவிரி, முல்லைப் பெரியாறு செய்திகளில் நாம் வாரம் ஒருமுறை கேட்கும் பெயர் அது.

மின்சாரம் பற்றி 1943 அக்டோபரில் போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக் கொள்கைக் குழுவில் அவர் பேசினார். மின்சாரம் அரசிடம் இருக்க வேண்டுமா, தனியாரிடமா, மத்தியிலா, மாகாணத்திலா என்று வரிசையாகக் கேள்விகளை அடுக்கிவிட்டு, மின்சாரம் எதற்காக என்ற கேள்விக்கு வந்தார். தொழில்மயமாக்கத்துக்காக. தொழில்மயமாக்கம் எதற்காக? ஒரு முனையில் வறுமையும் மறுமுனையில் வறுமையுமாகச் சுழலும் வாழ்க்கையில் இருந்து மக்களை மீட்பதற்காக. ஆகவே அது மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்க வேண்டும். லாபம் வராத ஊருக்குக் கம்பி இழுக்கத் தனியார் கம்பெனி வராது. சென்னை மாகாணத்தில் அப்போதே பைகாராவிலும் மேட்டூரிலும் அரசே மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தது. 1948ஆம் ஆண்டு மின்வழங்கல் சட்டம் மாநில மின்வாரியங்களுக்கு வழி செய்தது. 1957இல் நம் மின்வாரியம் பிறந்ததும் அந்தச் சட்டத்தின் கீழ்தான். ஊருக்குக் கம்பம் வந்த ஆண்டும் சேரிக்குக் கம்பம் வந்த ஆண்டும் ஒன்றாக இல்லாத கிராமங்கள் உங்களில் பலருக்குத் தெரியும். அந்தத் தாமதத்தைச் சட்டத்தின் கணக்கில் எழுத முடியாது.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. மின்சாரத்துக்கும் போருக்கும் நிலக்கரி வேண்டும். பெண்களைச் சுரங்கத்தின் அடியில் வேலைக்கு இறக்கக் கூடாது என்ற தடை நடைமுறையில் இருந்தது. நிலக்கரித் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி 1943இல் அந்தத் தடை தற்காலிகமாக நீக்கப்பட்டது. அம்பேத்கர் பொறுப்பில் இருந்த துறையின் முடிவு அது. 1944 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தபோது நெருக்கடி நிலை என்று சொல்லி அவர் அதற்காக வாதாடினார். 1946 பிப்ரவரியில் தடை மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த இருட்டில் இறங்கியவர்கள் பெரும்பாலும் ஆதிவாசிப் பெண்களும் நம் பெண்களும். அதே மனிதர் 1943 டிசம்பரில் தன்பாத் சுரங்கத்தின் அடியில் தானே இறங்கிப் பார்த்தார். அடுத்த மாதமே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. ஆலைத் தொழிலாளியின் வாரம் 54 மணியில் இருந்து 48 மணியாகக் குறைந்த 1946ஆம் ஆண்டுத் திருத்தமும் அவருடைய துறையில் உருவானது. இந்த நற்பணிகளைப் பட்டியலிடும் நம் துண்டறிக்கைகள் சுரங்கப் பெண்களை விட்டுவிடுகின்றன. விடக் கூடாது. வளர்ச்சிக்கு விலை உண்டு, அதை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவரிடமே அந்தக் கேள்வியை வைப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது.

அணையும் மின்நிலையமும் கட்டினால் போதுமா? அவற்றை இயக்கும் பொறியாளர் யார், வாசலில் மண் சுமப்பவர் யார்? பஞ்சாலைத் தறியைப் பார்த்தவருக்கு இந்தக் கேள்வி முதலிலேயே இருந்தது. பதவிக்கு வந்த மூன்றே மாதத்தில், 1942 அக்டோபர் 29 அன்று, பட்டியல் சாதியினரின் குறைகள் பற்றி வைசிராய் லின்லித்கோவிடம் அவர் ஒரு மனு கொடுத்தார். ஆளும் குழுவின் உறுப்பினர் தன் அரசாங்கத்திடமே கொடுத்த மனு! கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் நம்மவர்களுக்குப் பெரிய உதவி செய்துவிடாது, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி வேண்டும் என்கிறார் அதில். அவரே பொருளாதாரமும் சட்டமும் படித்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அறிவியல் கல்விக்குச் செலவு அதிகம், அதைத் தாங்கும் குடும்பம் நம்மிடம் இல்லை. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் ஆண்டுதோறும் மானியம் கொடுக்கும் மத்திய அரசு, பட்டியல் சாதி மாணவருக்கு என்ன கொடுக்கிறது என்று கேட்கிறார். இந்தியாவில் அறிவியல், தொழில்நுட்பம் படிக்க ஆண்டுக்கு இரண்டு லட்ச ரூபாய், வெளிநாட்டில் படிக்க ஒரு லட்சம் என்று தொகை குறித்துக் கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் தொழில் பழக இடம் கேட்டார்.

அரசாங்கம் மூன்று லட்சம் ஒதுக்கச் சம்மதித்தது. இன்று நீங்கள் கல்லூரியில் விண்ணப்பிக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் இருந்து வந்தது. வெளிநாட்டுக்கு மாணவர்கள் அனுப்பப்பட்டதும் அப்போதுதான். வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1945இல் அதே துறையின் கீழ் தொடங்கின. தாமோதர் மாநாடும் இந்த மனுவும் வெவ்வேறு கோப்புகளில் இருக்கின்றன, அதனால் ஆய்வாளர்கள் ஒன்றை நீர்க் கொள்கை என்றும் மற்றதை இட ஒதுக்கீடு என்றும் பிரித்து எழுதுகிறார்கள். இரண்டையும் ஒரே மேசையில் ஒருவர் எழுதினார். தறிக்கூடத்தின் கதவைத் திறக்காமல் தறியை மட்டும் மின்சாரத்தில் ஓட்டினால் என்ன நடக்கும் என்பதை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார்.

1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற ஆவணத்தில் முக்கியத் தொழில்களை அரசே நடத்த வேண்டும், விவசாயம் அரசுத் தொழிலாகி நிலம் கூட்டுப் பண்ணையாக வேண்டும் என்று எழுதினார். அரசமைப்புச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. ஆறுகளைப் பொறுத்தவரை கொஞ்சம் இடம்பெற்றது. மாநிலங்களுக்கு இடைப்பட்ட ஆறுகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ஒன்றியத்துக்கு வந்தது. நதிநீர்ப் பூசலுக்கான 262ஆம் பிரிவை 1949 செப்டம்பரில் அவரே அவையில் முன்மொழிந்தார். அதையொட்டி 1956இல் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று சண்டையைத் தீர்க்கும் நடுவர் மன்றத்துக்கானது. 1990இல் காவிரி நடுவர் மன்றம் அதன்படி வந்தது. மற்றது, சண்டை வருமுன் ஆற்றைச் சேர்ந்து நிர்வகிக்கும் நதி வாரியங்களுக்கானது. அந்தச் சட்டத்தின் கீழ் இன்றுவரை ஒரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை. கல்கத்தா மாநாட்டில் அவர் செய்ய முயன்றது இந்த இரண்டாவது வேலை.

திட்டக்குழு 1950இல் அமைந்தது. அம்பேத்கர் அப்போது சட்ட அமைச்சர். 1951 அக்டோபரில் பதவி விலகியபோது வெளியிட்ட அறிக்கையில், திட்டத் துறை தனக்குத் தரப்படும் என்று சொல்லப்பட்டதையும், அந்தத் துறை வந்தபோது தான் விடப்பட்டதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். இந்து சட்டத் தொகுப்புக்காக அவர் விலகினார் என்பதை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். நான்கு ஆண்டுகள் நீருக்கும் மின்சாரத்துக்கும் திட்டம் தீட்டியவரை நாட்டின் திட்டத்துக்கு வெளியே நிறுத்தியதும் அந்த அறிக்கையில் இருக்கிறது.

தாமோதரில் எட்டு அணைகளுக்குப் பதிலாக முதலில் நான்குதான் கட்டப்பட்டன: திலையா, கோனார், மைதான், பஞ்சேத். ஹிராகுட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடும் நிலமும் இழந்தார்கள். நிலம் உள்ளவருக்கு நிலத்துக்கான நட்டஈடு. நிலமே இல்லாமல் அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவர் எந்தப் பட்டியலில் வருவார்? தண்ணீர் மக்களின் செல்வம் என்றால், அதைத் தேக்குவதற்காக ஊரை விட்டவர்களுக்கு அதில் பங்கு உண்டு. பின்னால் வந்த நிர்வாகங்கள் அந்தப் பங்கைப் பொருட்படுத்தவில்லை.

பஞ்சேத் அணையை நேரு திறந்துவைத்தது 1959 டிசம்பர் 6 அன்று, அம்பேத்கரின் மூன்றாம் நினைவு நாளில். அன்று மின்நிலையத்தின் பொத்தானை அழுத்தியவர் புத்னி மேஜன் என்ற சந்தால் பெண், அணை கட்டும் வேலையில் கூலியாக இருந்தவர். அப்போது அவருக்குப் பதினைந்து வயது இருக்கும். விழாவில் நேருவுக்கு அவர் மாலையிட்டார், நேரு அவருக்கு மாலையிட்டார் என்று சொல்லி, பிற இனத்தவரை மணந்துவிட்டாள் என அவருடைய ஊரே அவரை விலக்கிவைத்தது. சில ஆண்டுகளில் தாமோதர் கழகத்து வேலையும் போயிற்று. பல ஆண்டுகள் கழித்தே திரும்பக் கிடைத்தது. அவருடைய கிராமமான கர்போனா பஞ்சேத் நீர்த்தேக்கத்தில் மூழ்கிய கிராமங்களில் ஒன்று. 2023 நவம்பரில் அவர் இறந்தார்.

வந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்தாம் தொகுதியைப் படியுங்கள். பொறியியல் படிப்பவர்கள் கட்டாக் உரையையும், சட்டம் படிப்பவர்கள் கல்கத்தா மாநாட்டின் பக்கங்களையும் முதலில் எடுக்கலாம். ஆய்வு செய்யப் போகிறவர்கள், தாமோதரிலும் ஹிராகுட்டிலும் நிலம் இல்லாமலேயே இடம்பெயர்ந்தவர்களில் நம்மவர் எத்தனை பேர், எங்கே போனார்கள் என்று நட்டஈட்டுப் பதிவேடுகளில் தேடத் தொடங்கலாம். இன்னொரு வேலை நம் ஊரிலேயே இருக்கிறது. சாக்கடைக் குழிக்குள் இறங்கி இறப்பவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இலும், 30 லட்சம் என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் நகராட்சியில் அடைப்பு எடுக்கும் இயந்திரம் எத்தனை இருக்கிறது, அதில் ஓடுவது எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.